உப்பா இருந்துச்சு மச்சி!

செமஸ்டர் லீவுன்னா மூணாறு, கோவானு பேசிட்டு இருந்த கிளாஸ்ல, '2009-ல வந்த த்ரீ இடியட்ஸ் க்ளைமாக்ஸ் ஏரிக்கே போலாம்டா'ன்னு ஒருத்தன் கிளப்பிவிட்டான். அது யாருன்னு கேக்காதீங்க. நான்தான்.

லடாக்ல இருக்கிற பாங்காங் ஏரி. கிட்டத்தட்ட 14,000 அடி உயரம், சுமார் 134 கிலோமீட்டர் நீளம், அதுல பாதிக்கு மேல சீனா கட்டுப்பாட்டுல. தண்ணி வெளியேற வழியில்லாததால உப்பு. உப்பா இருந்தும் குளிர்காலத்துல உறைஞ்சுடும். 2023 பிப்ரவரியில அந்த ஐஸ் மேலயே 21 கிலோமீட்டர் ஓடி கின்னஸ் வாங்கினாங்க. இவ்வளவும் படிச்ச எனக்கு, 'லே-ல ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிட'ங்கிற வரி மட்டும் கண்ணுல படலை. பொய். பட்டுச்சு, மதிக்கலை.

காரணம் பட்ஜெட். நாங்க நாலு பேர் எடுத்த பேக்கேஜ்ல முதல் நாள் ஃப்ளைட்ல லே, மறுநாளே பாங்காங். லே-வே 11,500 அடி. காத்துல ஆக்சிஜன் அதே 21 சதவிகிதம்தான். ஆனா அழுத்தம் குறையறதால, ஒவ்வொரு மூச்சுக்கும் நம்ம ஊர்ல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான் உள்ளே போகும் (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவன் சொல்றேன், நம்புங்க). உடம்பு பழக டைம் கேக்கும். நாங்க கொடுக்கலை.

காலையில என் ரூம்மேட், 'லைட்டா தலைவலிடா'ன்னான். ஒரு மாத்திரையைக் கொடுத்து, 'ஏரியைப் பார்த்தா சரியாயிடும், வா'ன்னு வண்டியில ஏத்தினேன். வழியில சாங் லா கணவாய், 17,500 அடிக்கு மேல. எல்லாரும் இறங்கி போட்டோ எடுத்தோம். அவன் இறங்கலை.

சாயங்காலம் ஸ்பாங்மிக் கிராமத்துல டென்ட். ஏரி ஒரே நீலம் இல்லீங்க, மேகம் நகர நகர மாறுது. கரையில வரித்தலை வாத்துங்க. நம்ம கூந்தன்குளத்துக்கு குளிர்காலத்துல வருதே, அதே இனம்! ரூம்மேட் டென்ட்டுக்குள்ளேயே படுத்திருந்தான்.

ராத்திரி பத்து மணிக்கு வாந்தி. எழுந்து நடக்கச் சொன்னா, தண்ணி அடிச்சவன் மாதிரி கால் பின்னுது. நாங்க சிரிச்சோம். டிரைவர் சிரிக்கலை. லடாக்கியில அண்ணனுக்கு 'ஆச்சோ', அப்படித்தான் அவரைக் கூப்பிட்டோம். 'தலைவலி மட்டும்னா இங்கேயே ரெஸ்ட் எடுக்கலாம். கால் பின்னினா மூளையில நீர் கோத்திருக்கலாம், இப்பவே கீழே போகணும்'னார் ஹிந்தியில.

இங்கதான் சிக்கல். லே-வுக்குத் திரும்பணும்னா அதே சாங் லா மேல ஏறித்தான் இறங்கணும். கீழே போக, முதல்ல மேலே போகணும்! மேப்பை பத்து தடவை பார்த்த எனக்கு இது உறைக்கவே இல்லை. ஆச்சோ வண்டியை தாங்சேவுக்கு விட்டார். ஏரியைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு, ஆனா அங்கே ஆஸ்பத்திரி இருக்கு. எங்க ப்ரீபெய்ட் சிம் எல்லாம் லே-லயே செத்துப்போச்சு. இருட்டுல, அவன் தலை என் மடியில. 'அம்மாகிட்ட சொல்லிடாதடா'ன்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னான். எனக்கு அவன் அம்மா போட்ட பருப்பு சாதம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆக்சிஜன் வெச்சாங்க, ஊசி போட்டாங்க. விடியறப்போ பேச்சு தெளிஞ்சுது. டாக்டர் ஓகே சொன்ன பிறகுதான், வண்டியிலேயே சிலிண்டரோட சாங் லா தாண்டினோம்.

நீங்க போறதா இருந்தா தாராளமா போங்க, நானே மறுபடி போவேன். லே-ல ரெண்டு நாளுக்கு குறைச்சலா பிளான் போட்டவங்ககிட்ட மட்டும் காசு கட்டாதீங்க. உயரத்துக்கான மாத்திரையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க. தலைவலின்னு ஒருத்தன் சொன்னா, அன்னிக்கு யாரும் மேலே ஏறாதீங்க.

தாங்சேவுல மாஸ்க்கைக் கழட்டினதும் அவன் கேட்ட முதல் கேள்வி, 'ஏரி எப்படிடா இருந்துச்சு?'

'உப்பா இருந்துச்சு மச்சி'ன்னேன். வேற எதுவும் வாயில வரலை.