இதயம் பெரிதானால் போதுமா?

சென்ற திங்கள் ஆர்.கே.பேட்டைக்குச் சென்றிருந்தோம். விசைத்தறிகளின் ஓசை ஓயாத அவ்வூரில், நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. பாட்டனார் வாங்கியது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும், பாட்டியார் அதை ஈரத்துணி கொண்டு துடைத்து வைப்பதை விடவில்லை.

அந்தக் காரினால் வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சில்லை!

மூத்த மகன் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் பணிபுரிபவர். இயந்திரங்களை அறிந்தவர். "எஞ்சின் சோர்ந்துவிட்டது. கழித்த கார் ஒன்றின் பெரிய எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பொருத்திவிட்டால் பாட்டியைத் திருத்தணிக்கும் வேலூருக்கும் விரைவாக அழைத்துப் போகலாமே" என்பது அவர் வாதம். "என் தகப்பனார் வாங்கிய வண்டியில் கை வைக்காதே" என்பது தந்தையின் ஒரே விடை. இருவரும் நம் கருத்தைக் கேட்டனர். உடனே தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. விவரமறிந்து சொல்வதாகக் கூறி வந்தோம். அறிந்தவற்றை இங்கே எழுதுவது பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும்.

ஹெரால்டு நம் நாட்டு மண்ணில் உருவான வண்டி. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில், 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதனைச் செய்தனர். எஞ்சின் 948 சி.சி.; திறன் சுமார் 35 குதிரைத் திறன். முன்புற மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்குமாதலால், எஞ்சின் நாற்புறமும் கைக்கு எட்டும். இளைஞர்களுக்கு ஆசை எழுவதில் வியப்பில்லை.

அந்த ஆசை இங்கிலாந்தில் ஹெரால்டைப் படைத்த டிரையம்ஃப் நிறுவனத்தாருக்கும் எழுந்தது. 1962இல் அவர்கள் அதே உடலில் ஆறு சிலிண்டர் கொண்ட 1596 சி.சி. எஞ்சினை வைத்து, வைட்டெஸ் என்று பெயரிட்டனர். திறன் இரு மடங்காயிற்று. ஆனால் எஞ்சினை மட்டுமா மாற்றினார்கள்? அடிச்சட்டத்தை வலுப்படுத்தினார்கள். முன் சக்கரங்களில் டிரம் பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக் வைத்தார்கள். 1966இல் 1998 சி.சி. எஞ்சினை ஏற்றினார்கள். வளைவுகளில் பின் சக்கரங்கள் நிலை தடுமாறும் குறை அப்போது மேலும் வெளிப்பட்டது. 1968இல் பின்புறத் தொங்கமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. படைத்தவர்களுக்கே ஆறாண்டுப் பாடம்!

நம் நாட்டிலும் சான்று உண்டு. பின்னாளில் திருவள்ளூர் ஆலையில் லான்சர் கார்களைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார், நாமெல்லாம் அறிந்த அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினுக்குப் பதிலாக, 1990களின் தொடக்கத்தில் 1817 சி.சி. இசுசு எஞ்சினைப் பொருத்தினர். கூடவே ஐந்து கியர் கொண்ட பெட்டி வந்தது. காலப்போக்கில் டிஸ்க் பிரேக்கும் இருக்கைப் பட்டையும் வந்தன.

இதன் காரணம் எளிது. ஓடும் வண்டியை நிறுத்தும்போது, அதன் வேகத்திலுள்ள ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 80இல் சென்றால், பிரேக்கின் சுமை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. எஞ்சினின் எடையும் கூடினால் முன் ஸ்பிரிங்குகள் அமிழும், ஸ்டீயரிங் கனக்கும், ரேடியேட்டர் சூட்டைத் தாங்காது.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. தேய்ந்த எஞ்சினுக்கு அதே வகை எஞ்சினை, பதிவு அலுவலரின் முன் அனுமதியுடன் வைத்துக்கொள்ளலாம். அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் ஐயமே.

இவற்றையெல்லாம் மகனிடம் எடுத்துரைத்து, "தம்பி, பெரிய எஞ்சின் இருக்கட்டும், முதலில் பிரேக்கைக் கழற்றிப் பாரும்" என்றோம். அடுத்த ஞாயிறன்று தந்தையும் உடனிருக்க, அனுபவம் மிக்க ஒரு மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றினார். வீல் சிலிண்டர் இரண்டு கசிந்து, பிரேக் ஷூவெல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. மகன் நெடுநேரம் வாய் திறக்கவில்லையாம். இத்தகைய வண்டியில் அல்லவா அவர் வேகத்தைக் கூட்டிப் பாட்டியாரை அமர்த்தவிருந்தார்! தந்தையும் தலை கவிழ்ந்தார். தகப்பனாரின் நினைவென்று போற்றிய வண்டியின் பிரேக்கை அவர் ஒருநாளும் பார்க்கவில்லையே!

இப்போது பழைய எஞ்சினுக்கே சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரேக் முழுவதும் புதிதாகிறது. மாலைதோறும் தந்தை விளக்குப் பிடிக்க, மகன் திருப்புளி பிடிக்கிறார். பேச்சும் வந்துவிட்டது.

பெற்றோரே, பிள்ளைகள் வேகம் கேட்கும் வயதினர். "கூடாது" என்ற ஒரு சொல்லால் அவர்களைத் தடுத்துவிட முடியாது. ஏன் கூடாது என்பதை அவர்களோடு அமர்ந்து, கையில் எண்ணெய்க் கறை பட, கழற்றிக் காட்ட வேண்டும். இளைஞரே, எந்த வண்டியிலும் எஞ்சினைக் கூட்டுமுன், அதனை நிறுத்தும் வலிமை அவ்வண்டிக்கு உண்டா என்று பாருங்கள். அதில் அமரப்போகிறவர் உங்கள் பாட்டியார்.