கற்பகதருவும் ஏறுவோரும்

பனையைக் கற்பகதரு என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு உரைத்துவந்த யான், அதில் ஏறுவோர் எங்ஙனம் வாழ்கின்றனர் என வினவியதில்லை. வெட்கத்தோடு இதனை ஒப்புக்கொள்கின்றேன்.

கள் ஒருநாட் பொருள். இன்று இறக்கியது நாளை புளித்துப் பயனற்றுப் போம். ஆதலின் தனித்து நிற்கும் தொழிலாளர், தவறணைக் குத்தகைகாரர் சொன்ன விலைக்கே கொடுத்துத் தீரவேண்டியிருந்தது. பேரம் பேச அவர்க்குப் பொழுதேது? 1970களில் யாழ்ப்பாணத்திலே எழுந்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்நிலையை மாற்றின. தவறணை சங்கத்துக்கு உரியதாயிற்று. சங்கமோ ஏறுவோர்க்கு உரியதாயிற்று. மிஞ்சிய கள்ளைப் போத்தலில் அடைத்தனர். திக்கத்து வடிசாலையிற் சாராயமாக்கினர். வடிசாலை நடத்துதல் தனியொரு சங்கத்தால் ஆவதன்று. சங்கங்கள் பல கைகோத்தமையாலேயே அது கைகூடிற்று.

பண்டிதர் மதுவுக்கு வக்காலத்து வாங்குகின்றாரே என்று முகஞ்சுளிக்கும் அன்பர் உளர். யான் குடிப்பவனல்லேன், குடியைப் போற்றவும் வந்திலேன். ஆயின், ஏறுவோரை இழிந்தோரென்று ஒதுக்கிவிட்டு, அம்மரத்தின் ஏட்டை மாத்திரம் பூசிப்பது என்ன நியாயம்?

ஓலை இழைக்கும் எங்களூர்ப் பெண்டிர் இன்றும் தனித்தனியே சந்தையிற் குந்தியிருக்கின்றனர். சென்ற கிழமை நீற்றுப்பெட்டியொன்றுக்கு இருபது ரூபா குறைக்கும்படி வாதாடி வென்றேன். அதனை இழைக்க அவ்வம்மையார்க்கு எத்துணை நேரம் சென்றிருக்கும் என்பது வீடு வந்த பின்னரே நினைவிற்பட்டது.