மெட்ராஸ் ஐ இல்லை மாமா!

திங்கட்கிழமை காலை. ஷேவ் பண்ணக் கண்ணாடி முன்னால் நின்றேன். வலது கண்ணின் கருவட்டத்தில், அடிப்பக்கமாக, சிவப்பாக ஒரு மட்டம். டம்ளர் அடியில் தங்கின ரோஸ்மில்க் மாதிரி! பார்வையும் புகை மூட்டம்.

யாரும் குத்தவில்லை. பந்து படவில்லை. மனைவியோடு சண்டைகூட முந்தின வாரமே முடிந்துவிட்டது.

தாம்பரத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமா? "சூடுதான். நல்லெண்ணெய் வெச்சுக் குளிங்க தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. "மாப்பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ" என்று தீர்ப்புச் சொல்லி, நாலடி தள்ளி உட்கார்ந்தார் மாமனார்.

எனக்கு நாலு வருஷமாக யூவியைட்டிஸ். கண்ணின் நடு அடுக்கில் வருகிற அழற்சி. போகும், மறுபடி வரும், வாடகை ஏற்றச் சொல்லும் வீட்டுக்காரர் மாதிரி. சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கண் வெளுத்ததும் நானே கணக்கை முடித்துவிட்டேன். அப்புறம் எப்போது சிவந்தாலும் பழைய பாட்டிலைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்வது. பி.காம். படித்தவன்! பாக்கியை எழுதாமல் விட்டால் டேலி ஆகாது என்று தெரிய வேண்டாமா?

எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து எழும்பூர் போனேன். 1819-ல் ஆரம்பித்த அரசு கண் ஆஸ்பத்திரி.

"அடிபட்டதா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க."

"காலையில முதுகு விறைப்பா இருக்குமா? நடந்தா சரியாகுமா?"

கண்ணைக் காட்ட வந்தால் முதுகைக் கேட்கிறாரே! காரணம் உண்டாம். இளவயசு ஆண்களுக்கு வரும் ஒருவகை முதுகெலும்பு வாதம் கண்ணிலும் இந்த அழற்சியைக் கிளப்புமாம்.

கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவே நீர் நிரம்பிய ஒரு குட்டி அறை. பெரும்பாலும் அடிபட்டால்தான் அங்கே ரத்தம் கசியும். நாள்பட்ட அழற்சியில், ஐரிஸின் ரத்தக்குழாய் சில சமயம் தானாகவே கசியும். அபூர்வம்தான். பெயர், ஹைஃபீமா. அந்த ரத்தம் கண்ணின் வடிகாலை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். நீர் வடிய வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று, 2015-ல் முடிச்சூர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அங்கே வெள்ளம் வடிந்தது. இங்கே பார்வை நரம்பு போனால் போனதுதான்.

சொட்டு மருந்து, கண்ணுக்கு மூடி, தலையை உயர்த்திப் படுக்கை. ஆஸ்பிரின் வகையறா கேட்காமல் தொடக்கூடாது. முதல் சில நாளில் மறுபடி கசியலாம் என்பதால் அடிக்கடி அழுத்தம் பார்த்தார்கள். காசநோய்க்கும் டெஸ்ட்! அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். திரும்பும்போது ட்ரெயின் சானடோரியத்தில் நின்றது. 1928-ல் காசநோய்க்கென்று ஆரம்பித்த ஆஸ்பத்திரியால் பெயர் பெற்ற ஸ்டேஷன். நல்லவேளை, டெஸ்டில் ஒன்றும் இல்லை.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வையும் மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு சொட்டை நாமாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால், அதுவே அழுத்தம் ஏற்றும், புரையும் வளர்க்கும்.

இரண்டு வாரத்தில் சிவப்பு கரைந்தது. இப்போது காலண்டரில் வாடகைத் தேதிக்குப் பக்கத்திலேயே செக்கப் தேதி.

மாமனார் மட்டும் இன்னும் நாலடி தள்ளித்தான் உட்காருகிறார். அதை நான் திருத்தவில்லை.