கேள்வி கேட்பவன் அதிகப்பிரசங்கியா?



வகுப்பில் ஆசிரியர் ஒரு விதியைச் சொல்கிறார். "இது எப்பவும் சரியா வருமா, சார்?" என்று ஒரு மாணவன் எழுந்து கேட்கிறான். உடனே பக்கத்து பெஞ்சில் சிரிப்பு. சில ஆசிரியர்களும், "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்று சொல்லிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் பாடம் நடத்திய நான், அந்த மாணவன் பக்கம்தான். எனக்குச் சாட்சி ஓர் எண்: 4294967297.

இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. இப்படியே போனால் 256, 65536. இப்போது 2, 4, 16, 256, 65536 ஒவ்வொன்றுடனும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள்! அதாவது, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை.

பிரான்சு நாட்டில் பெர்மா என்று ஒருவர் இருந்தார். வழக்கறிஞர், ஆனால் கணக்கில் புலி. இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தான் வரும் என்று 1640-ல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். சரியான நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆறாவது எண்தான் நம் சாட்சி. அதுவும் பகா எண்தானா? பெர்மா எவ்வளவு பெரிய மேதை! அவரே சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

கோல்ட்பாக் என்பவர் 1729-ல் இதைப் பற்றி ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆய்லர் அப்போது ரஷ்யாவில் இருந்த இளைஞர். அந்தக் கேள்விதான் அவரை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது. 1732-ல் பதில் சொல்லிவிட்டார்: 4294967297 பகா எண் அல்ல, 641-ஆல் மீதியின்றி வகுபடும்!

எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் பொழுது போதாது அல்லவா? அதற்கும் ஆய்லர் ஒரு வழி கண்டார். 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே பிடிபட்டுவிட்டது!

நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். பேப்பரும் பென்சிலும் எடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்; 8 இலக்க கால்குலேட்டரில் விடை அடங்காது. 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. 40-ஆல் பெருக்கினால் 268016680. இவற்றோடு 6700417-ஐயும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். இந்தக் கணக்கை ஆறாம் வகுப்பு மாணவனே போட்டுவிடலாம்.

சரி, ஏழாவது எண்? சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் அரிசியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போன கதை உங்களுக்குத் தெரியும். அந்த மொத்த அரிசியோடு இன்னும் 2 கூட்டினால் வருவதுதான் அது: 18446744073709551617. இதையும் 274177 வகுத்துவிடும். 1880-ல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது, என்னைவிடப் பெரியவர்!

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. இனிமேலாவது கிடைக்குமா, கிடைக்காதா என்று எந்த ஆசிரியராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது.