குடும்பம் என்றால் சிரித்தே ஆக வேண்டுமா?

"என்னய்யா படம் இது, ஒரு முகம்கூட லட்சணமா இல்லையே!" மாக்ஸ் பெக்மனின் 'குடும்பப் படம்' (1920) பார்ப்பவர்கள் பலர் சொல்வது இதுதான். விஷயம் தெரிந்தவர்களோ, "முதல் உலகப் போரின் பாதிப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டுமே தப்பிக்கிற பேச்சு.

படத்தில் என்ன இருக்கிறது? தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த அறை. உள்ளே ஆறு பேர். ஓவியர் கையில் ஊதுகொம்போடு சாய்ந்து கிடக்கிறார். மனைவி மின்னா கண்ணாடி முன்னால். மாமியார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறார். ஒருத்தி செய்தித்தாளில், பையன் தரையில் புத்தகத்தோடு. இவ்வளவு நெருக்கத்திலும் ஒருவர் கண் இன்னொருவர் மேல் படவில்லை.

வரையத் தெரியாமல் கோணலாக்கினாரா? போருக்கு முன்பே பெர்லினில் பெயர் வாங்கியவர் அவர். கோணல், வேண்டுமென்றே வைத்தது.

சரி, போர்? மருத்துவ உதவியாளராகப் போய், 1915-ல் மனம் உடைந்து திரும்பியவர்தான். மறுக்கவில்லை. ஆனால் இந்த அறையில் துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை. எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிட்டால், 'நம் வீட்டில் போர் இல்லை, பிரச்சனையும் இல்லை' என்று நிம்மதியாகத் தூங்கலாம் பாருங்கள்! மின்னா ஓவியம் படித்தவர், பின்னர் ஓபரா பாடகி. 1920-ல் கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர். 1925-ல் விவாகரத்து. அந்த விரிசலுக்குக் காரணம் பீரங்கி மட்டும்தானா?

'லட்சணம் இல்லை' என்பது சும்மா ரசனை என்று நினைக்க வேண்டாம். அதிகாரம் கையில் வந்தபோது நாஜிகள் சொன்னதும் அதுவேதான். பெக்மனின் 500-க்கும் மேற்பட்ட படைப்புகளை அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தார்கள். 1937-ல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்துக் கேலி செய்தார்கள். அந்த ஜூலையிலேயே அவர் ஆம்ஸ்டர்டாம் போனார். 1950-ல் நியூயார்க்கில் இறக்கும்வரை ஜெர்மனிக்குத் திரும்பவில்லை.

அவர்கள் விரும்பிய குடும்பம் எது? அடோல்ஃப் விஸ்ஸல் 1939-ல் வரைந்த விவசாயக் குடும்பம். சுத்தமான உடை, ஒழுங்கான தலைமுடி, எல்லாம் லட்சணம். உற்றுப் பாருங்கள்... அங்கேயும் யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு திசையில் பார்க்கிறார்கள்.

பெக்மன் அதை ஒளிக்கவில்லை, அவ்வளவுதான்.