சின்ன நாடு எண்டது ஒரு சாட்டு இல்லை



2022இல பெற்றோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில நிண்டதை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டியள். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில கிடந்தன. ஏன் அப்பிடி ஆனது எண்டு கேட்டால், "கொரோனா வந்தது, உக்ரேன் யுத்தம் வந்தது, சின்ன நாடு என்ன செய்யிறது?" எண்டு பதில் சொல்லுகினம்.

மொரிசியஸ் எங்களைவிடச் சின்னது. சனத்தொகை 13 இலட்சத்துக்கும் குறைவு. 1968இல் சுதந்திரம் பெற்றபோது அதன் ஏற்றுமதியில் 90 வீதத்துக்கு மேல் சீனிதான். பெரிய புயல் ஒன்று கரும்பை அடித்தால் நாட்டு வருமானமே போய்விடும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் அந்தத் தீவைப் பார்த்துவிட்டு, தேறுவது கடினம் என்றே 1961இல் எழுதினார்.

ஆனால் அவர்கள் சீனியோடு நிற்கவில்லை. 1970இல் ஏற்றுமதி வலயச் சட்டம் கொண்டுவந்தார்கள். சீனி நல்ல விலைக்குப் போன காலத்தில் உழைத்த காசில் ஒரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளுக்குள் போனது. பிறகு சுற்றுலா, வங்கித்துறை. 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. 2005இல் ஆடைக்கான கோட்டா முறை முடிந்தது. அடுத்த சில வருசங்களில் ஐரோப்பா சீனி விலையை 36 வீதம் வெட்டியது. அடி பலமாகத்தான் விழுந்தது. ஆனாலும் நாடு வங்குரோத்தாகவில்லை. (வரி ஏய்ப்பவர்களுக்கு நிழல் குடுக்கிற தீவு எண்ட பெயரும் அதுக்கு இருக்கு. அதையும் கொப்பியடிக்கச் சொல்லேல்லை!)

இங்க என்ன நடந்தது? 2019 டிசம்பரில், கொரோனா வர முன்னமே, வற் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். திறைசேரி காய்ந்தது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை. கமக்காரன் வயலோடு வயிறெரிஞ்சான். 2022 ஏப்ரல் 12இல் கடனைக் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சினம். வரி வெட்டும் உரத்தடையும் கடல் தாண்டி வந்த புயலே? கொழும்பில போட்ட கையெழுத்து!

இப்பவும் ஏற்றுமதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகுது, அதிலும் பெரும்பாலும் ஆடை. 2025 ஏப்ரலில் அந்த நாடு 44 வீத வரி எண்டு அறிவிச்ச உடனே வவுனியா, கிளிநொச்சி தொழிற்சாலைகளில தைக்கிற பிள்ளைகளின்ர வேலைதான் முதல்ல ஆடினது. பேசிப் பேசி 2025இல் அது 20 வீதத்துக்கு வந்தது. நாளைக்கு அது ஏறாது எண்டதுக்கு என்ன உத்தரவாதம்?

2028இலிருந்து வெளிநாட்டுக் கடனை முழுசாகக் கட்டத் தொடங்க வேணும். அதுக்கு முன்னம் வடக்கு கிழக்கின் மீனையும் பனையையும் தென்னையையும் பதனிட்டு ஏற்றுமதி செய்ய என்ன திட்டம், எவ்வளவு காசு, எந்த வருசத்துக்குள்ள? அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதைத்தான் கேட்கப் போகிறோம். உங்கள் பகுதியில் மூடிக் கிடக்கிற தொழிற்சாலை, பாழடைஞ்ச ஐஸ் வாடி இருந்தால் கீழே எழுதுங்கோ. பெயர் சொல்லியே கேட்கிறோம்.