க்யூவில் நின்றவர்கள் மேல் ஏன் பழி?

2007 செப்டம்பர் 14. இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நீளமான க்யூ. போட்ட பணத்தை எடுக்க ஜனங்க நின்னாங்க. அந்த போட்டோக்களைப் பார்த்துட்டு, "மக்கள் பதறியதால்தான் பேங்க் கவிழ்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமாப் படல.

முதல்ல ஓடினது வேற ஆளுங்க. அந்த வங்கி கொடுத்த வீட்டுக்கடன்கள் முழுசா திரும்பி வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் அதன் பணத்தில் சுமார் கால்வாசிதான் மக்கள் டெபாசிட். மீதியில் பெரும்பகுதி சந்தையில் வாங்கிய கடன். அதில் ஒரு பகுதிக்குக் கெடு சில மாதங்கள்தான். கெடு முடிந்தால் புதுக்கடன் வாங்கிப் பழசை அடைக்கலாம் என்பதே பிளான்.

ஆகஸ்ட் 9 அன்று பிரான்சின் பிஎன்பி பாரிபா தன் மூன்று ஃபண்டுகளை முடக்கியது. அதோடு வங்கிகளுக்குள் நம்பிக்கையே போச்சு. கடன் கொடுத்த பெரிய கைகள் புதுப்பிக்க மறுத்து, சத்தமில்லாமல் வெளியேறின. அதை எந்தக் கேமராவும் படம் பிடிக்கல. ஒரு மாதம் கழித்து, பேங்க் ஆஃப் இங்கிலாந்திடம் அவசர உதவி கேட்ட செய்தி கசிந்த பிறகுதான் க்யூ வந்தது.

அன்றைய டெபாசிட் காப்பீட்டில் முதல் 2,000 பவுண்டுக்கு மட்டுமே முழுப் பாதுகாப்பு. அப்போ வரிசையில் நின்றது பைத்தியக்காரத்தனமா?

பின்னால் வந்த பாசல் 3 விதிகள், 30 நாள் நெருக்கடியைச் சமாளிக்கும் அளவுக்கு உடனே காசாகும் சொத்துகளை வைத்திருக்கச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனா ஒரு பேங்க் வேகமா வளருதுன்னு கேட்டா, நாம முதல்ல கேட்க வேண்டியது: யாரோட பணம், எத்தனை நாளைக்கு?